ஓட்டுநர் இல்லாத லாரியும் ஓட்டுநரின் பிழைப்பும்

(மேல்நிலை முதலாண்டு மாணவியர்)

விஞ்ஞானம் நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாக வளர்ந்து வருகிறது என்று நம் ஆண்டு மலரில் தோழியர் பலர் எழுதியிருக்கின்றனர். அந்த வளர்ச்சியைக் காண நாங்கள் வெகு தூரம் போக வேண்டியதில்லை. பள்ளி வாயிலை விட்டுச் சாந்தோம் நெடுஞ்சாலையில் வடக்கு நோக்கி நடந்தால் போதும். கலங்கரை விளக்கத்தின் அருகே, பூமிக்கு அடியில், மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டத்துக்கான நிலையம் உருவாகி வருகிறது. இங்கிருந்து பூவிருந்தவல்லி வரை ஏறக்குறைய 26 கிலோமீட்டர் நீளும் அந்தப் பாதைக்கான ரயில்கள், ஓட்டுநர் இல்லாமலேயே ஓடும்படி அமைக்கப்பட்டவை. ஆந்திர மாநிலம் ஸ்ரீசிட்டியில் உள்ள தொழிற்சாலையில் செய்யப்பட்ட முதல் ரயில், 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் பூவிருந்தவல்லிப் பணிமனைக்கு வந்து சேர்ந்தது.

ஒரு நாள் மதிய இடைவேளையில் இச்செய்தியைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தோம். எல்லோரும் வியந்துகொண்டிருக்க, எங்களில் ஒருத்தி மட்டும், "அப்படின்னா லாரியும் அதே மாதிரி வந்துடுமா?" என்று கேட்டாள். அவளுடைய தந்தை சென்னைத் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிச் செல்லும் டிரெய்லர் லாரி ஓட்டுபவர். அவருடைய சம்பாத்தியத்தில்தான் அவளும் அவள் தம்பியும் படிக்கின்றனர். எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. பாடம் நடத்த வந்த பொருளாதார ஆசிரியை விஷயத்தைக் கேட்டுவிட்டு, "தேடிப் பார்த்து எழுதுங்களேன், ஆண்டு மலருக்கும் ஆயிற்று" என்றார். தேடியதில் கிடைத்ததைத் தோழியர் முன் வைக்கிறோம்.

முதலாவதாக, ரயிலையும் லாரியையும் ஒன்றாக எண்ணிவிடலாகாது. ரயிலுக்குத் தண்டவாளம் இருக்கிறது. இடமோ வலமோ திரும்ப வேண்டும் என்று நினைத்தாலும் அதனால் திரும்ப முடியாது. மெட்ரோவின் பாதையில் ஆடு மாடு வருவதில்லை, சைக்கிள் வருவதில்லை, பந்தைத் துரத்திக்கொண்டு குழந்தை ஓடி வருவதில்லை. எந்த ரயில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது கட்டுப்பாட்டு அறைக்கு நொடிக்கு நொடி தெரியும். ஆகையால் அங்கே ஓட்டுநரின் வேலையை யந்திரத்திடம் ஒப்படைப்பது அவ்வளவு கடினமன்று. டில்லியில் 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் இந்தியாவின் முதல் ஓட்டுநரில்லா மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிவிட்டது.

சாலையில் செல்லும் லாரிக்கோ, தானே கண் திறந்து பார்த்தால்தான் வழி. அதற்கு மூன்று விதமான கண்கள் பொருத்துகிறார்கள். ஒன்று காமிரா. இது நம் கண்ணைப் போலவே நிறத்தையும் வடிவத்தையும் காணும். சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் பிரித்தறியும். ஆனால் இருட்டிலும் எதிர் வெயிலிலும் தடுமாறும். இரண்டாவது ராடார். வானொலி அலைகளை அனுப்பி, அவை மோதித் திரும்புவதைக் கொண்டு எதிரே உள்ள பொருளின் தூரத்தையும் வேகத்தையும் கணிக்கும். மழையும் பனியும் இதை அதிகம் பாதிப்பதில்லை. மூன்றாவது லிடார் என்பது. லேசர் ஒளித் துடிப்புகளைச் சுற்றிலும் வீசி, திரும்பி வரும் ஒளியிலிருந்து சுற்றுப்புறத்தின் உருவத்தைப் புள்ளி புள்ளியாக வரைந்துகொள்ளும். நம் வீட்டுத் திண்ணையில் வைக்கும் புள்ளிக் கோலம் நினைவுக்கு வருகிறதல்லவா? ஏறக்குறைய அதேதான், ஒரு நொடிக்குள் லட்சக்கணக்கான புள்ளிகள். இம்மூன்றும் தரும் தகவல்களையும், முன்னரே தயாரித்து வைத்த சாலை வரைபடத்தையும், செயற்கைக் கோள் காட்டும் இடக்குறிப்பையும் லாரியில் உள்ள கணிப்பொறி ஒன்றுசேர்த்துப் பார்த்து, ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் இயக்குகிறது.

வாகனம் எந்த அளவுக்குத் தானே ஓடுகிறது என்பதை 0 முதல் 5 வரை ஆறு படிகளாகப் பொறியாளர்கள் வகுத்திருக்கின்றனர். நம் ஊரில் இப்போது விற்கும் சில புதிய கார்கள் முன் வண்டியோடு இடைவெளி விட்டுத் தாமே வேகத்தைக் குறைக்கின்றன. கோட்டுக்குள் தாமே செல்கின்றன. இது இரண்டாம் படி. கையும் கண்ணும் ஓட்டுபவருடையவையாகவே இருக்க வேண்டும். நான்காம் படியில், குறிப்பிட்ட சாலையில், குறிப்பிட்ட நிலைமைகளில், மனிதரே தேவையில்லை. எல்லாச் சாலையிலும் எல்லாக் காலத்திலும் மனிதரே வேண்டாம் என்பது ஐந்தாம் படி. அது இன்றுவரை உலகில் எங்கும் கிடையாது. "டிரைவர் இல்லாத வண்டி" என்று செய்தித்தாளில் படித்ததும் ஐந்தாம் படியை நினைத்துக்கொண்டு நாம் அஞ்சுகிறோம். உண்மையில் வந்திருப்பது நான்காம் படி.

அது எங்கே வந்திருக்கிறது என்று பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். மேற்கு ஆஸ்திரேலியாவில் பில்பரா என்ற இரும்புத் தாதுப் பிரதேசத்தில், 2008-ஆம் ஆண்டு முதலே ஓட்டுநரில்லாப் பெரும் லாரிகள் ஓடுகின்றன. சுரங்கத்துக்குள் வேற்று மனிதர் நடமாட்டம் இல்லை. சிங்கப்பூரில் 2022-ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்ட துவாஸ் துறைமுகத்தில் ஆளில்லா வண்டிகள் கன்டெய்னர் பெட்டிகளைச் சுமக்கின்றன. அங்கும் வேலிக்கு உள்ளேதான். பொது நெடுஞ்சாலையில் என்றால் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலம். அங்கே டல்லஸ், ஹூஸ்டன் நகரங்களுக்கு இடையே 2025-ஆம் ஆண்டில் அரோரா என்ற நிறுவனம் ஓட்டுநர் இருக்கையில் ஒருவரும் இல்லாமல் சரக்கு லாரியை ஓட்டத் தொடங்கியது. சில வாரங்களுக்குள், லாரியைத் தயாரித்த நிறுவனம் கேட்டுக்கொண்டதால், முன் இருக்கையில் ஓர் ஆளை மீண்டும் உட்கார வைத்தார்கள். அவர் ஓட்டுவதில்லை, கவனித்துக்கொண்டு வருகிறார் என்றார்கள். இதைப் படித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. கேள்வி கேட்ட தோழி மட்டும் சிரிக்கவில்லை. "சும்மா உக்காந்து வர்றதுக்கு எவ்வளவு சம்பளம்?" என்று கேட்டாள். நல்ல கேள்விதான்.

நம் நாட்டில் என்ன நிலைமை? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் திரு. நிதின் கட்கரி, ஓட்டுநரில்லாக் கார்களை இந்தியாவில் அனுமதிக்க மாட்டோம் என்று 2017-ஆம் ஆண்டில் கூறினார். 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் நாகபுரியில் அதையே மீண்டும் கூறினார். வேலையில்லாத் திண்டாட்டம் உள்ள நாட்டில், லட்சக்கணக்கான ஓட்டுநர்களின் பிழைப்பைப் பறிக்கும் யந்திரம் வேண்டாம் என்பது அவருடைய வாதம். இது ஆறுதலான பேச்சு. ஆயினும், ஓர் அமைச்சரின் பேச்சு சட்டம் ஆகிவிடாது, அமைச்சர்களும் மாறுவார்கள். ஆகையால் அந்தப் பேச்சை நம்பிக் கட்டுரையை இங்கேயே முடித்துவிட எங்களுக்கு மனம் வரவில்லை. தோழியின் தந்தையையே கேட்டுவிடலாம் என்று ஒரு ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் பேராலய வளாகத்தில் அவரைச் சந்தித்தோம்.

அவர் சொன்னதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம். ஏனென்றால், "லாரி ஓட்டுவது" என்று நாம் இரண்டே சொல்லில் சொல்லிவிடும் வேலைக்குள் எத்தனை வேலைகள் இருக்கின்றன என்பதை நாங்கள் அதுவரை அறிந்திருக்கவில்லை.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பெட்டியை ஏற்றுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் நான்கு மூலைகளிலும் உள்ள பூட்டு சரியாக விழுந்ததா என்று அவர் பார்க்க வேண்டும். முத்திரையின் எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். ஓர் எண் மாறியிருந்தால் துறைமுக வாசலிலிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்கள். பிறகு எடை மேடை. புறப்படும் முன் இரும்புக் கம்பியால் டயர் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பாராம். இரட்டை டயர்களில் உள்பக்கத்து டயரில் காற்று குறைந்தால் கண்ணுக்குத் தெரியாது; ஓசையில் தெரிந்துவிடும். நகருக்குள் பகலில் கனரக வண்டிகளுக்குத் தடை உண்டாகையால், மாதவரம், மணலி வழியாகச் சுற்றிக்கொண்டு எண்ணூர் விரைவுச் சாலைக்கு வர வேண்டும். அங்கே தொடங்குகிறது வரிசை. காசிமேட்டைத் தாண்டி ஜீரோ கேட் வரை லாரிக்குப் பின் லாரி. சில நாளில் ஓரிரு மணியில் வேலை முடியும். சில நாளில் பொழுது விடிந்துவிடும். தூங்கவும் முடியாது. முன் வண்டி பத்தடி நகர்ந்தால் நாமும் நகர வேண்டும். இல்லாவிட்டால் இன்னொருவர் நுழைந்துவிடுவார்.

"ரோட்ல ஓட்டுறதெல்லாம் பெரிசில்லம்மா" என்றார் அவர். "மாட்டோட காதைப் பாத்தா அது குறுக்க வருமா நிக்குமான்னு தெரிஞ்சிடும். எதிர்ல வர்றவன் தூங்கிட்டு வர்றானான்னு அவன் லைட் ஆடுறதுலயே தெரியும். முன்னாடி போற லாரிக்காரன் இண்டிகேட்டர் போட்டா, திரும்பப் போறான்னும் அர்த்தம். 'நீ முந்திக்கோ, வழி இருக்கு'ன்னு சொல்றான்னும் அர்த்தம். எது எதுன்னு இடத்தைப் பாத்துதான் தெரியும். இதையெல்லாம் மெஷினுக்கு எவன் சொல்லிக் குடுப்பான்?"

இதை அவர் பெருமையோடு சொன்னார். ஆனால் எங்களில் ஒருத்தி, இப்படிப்பட்ட அனுபவத்தையும் கோடிக்கணக்கான படங்களைக் காட்டிக் காட்டி யந்திரத்துக்குப் பழக்கிவிடலாம் என்று சொல்கிறார்களே என்று தயங்கித் தயங்கிக் கூறினாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சிறிது நேரம் யோசித்துவிட்டு, "பழகிடுமா இருக்கும்" என்றார்.

அவர் பேசியதையும் நாங்கள் படித்ததையும் சேர்த்துப் பார்த்தால், இந்தியாவில் ஓட்டுநரில்லா லாரி விரைவில் வராது என்று எண்ணுவதற்குச் சாலையைக் காட்டிலும் பலமான காரணம் ஒன்று உண்டு. அது கணக்கு. அமெரிக்காவில் லாரி ஓட்டும் செலவில் ஓட்டுநரின் சம்பளம் மிகப் பெரிய பங்கு. அதை மிச்சப்படுத்தினால் விலையுயர்ந்த கருவிகளை வாங்கிப் பொருத்துவதும் லாபமாகிறது. நம் நாட்டிலோ செலவில் பெரும் பங்கு டீசலுக்குப் போகிறது. அடுத்து வண்டிக் கடனின் தவணை, டயர், சுங்கக் கட்டணம். ஓட்டுநருக்குப் போவது சொற்பம். இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் மனிதரை நீக்கிவிட்டு விலையுயர்ந்த யந்திரத்தை வைக்க எந்த உரிமையாளரும் அவசரப்பட மாட்டார். நம் ஓட்டுநரைக் காத்து நிற்பது அவருடைய குறைந்த கூலிதான் என்பதை எண்ணும்போது மகிழ்வதா வருந்துவதா என்று தெரியவில்லை.

ஆனால் என்றைக்கும் இப்படியே இருக்கும் என்று சொல்வதற்கில்லை. கருவிகளின் விலை ஆண்டுதோறும் குறைகிறது. சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் 262 கிலோமீட்டர் விரைவுச் சாலையைப் பாருங்கள். கர்நாடகப் பகுதியில் ஒசகோட்டையிலிருந்து தொடங்கும் அதன் முதல் பகுதியில் 2024-ஆம் ஆண்டு இறுதியிலேயே வண்டிகள் ஓடத் தொடங்கின. நம் பக்கத்து முனை ஸ்ரீபெரும்புதூர். இரு பக்கமும் தடுப்பு. நினைத்த இடத்தில் நுழையவும் வெளியேறவும் முடியாது. குறுக்குச் சாலை கிடையாது. தண்டவாளம் இல்லாத ரயில் பாதை என்றே சொல்லலாம். நான்காம் படி லாரி நம் பக்கம் என்றேனும் வருமாயின் இத்தகைய சாலைக்குத்தான் முதலில் வரும். டெக்ஸாஸிலும் ஊருக்கு வெளியே உள்ள ஒரு நிலையத்திலிருந்து இன்னொரு நிலையம் வரை யந்திரம் ஓட்டுகிறது. ஊருக்குள் மனிதர் ஓட்டுகிறார்.

இதைச் சொன்னபோதுதான் தோழியின் தந்தையின் முகம் மாறியது. காரணத்தை அவரே விளக்கினார். அவருக்குச் சம்பளம் மாதக் கணக்கில் இல்லை. நடைக்கு இவ்வளவு என்று கணக்கு, அதோடு வழிச்செலவுக்குப் படி. நெடுஞ்சாலையில் தங்குதடையின்றி ஓடும்போதுதான் அவர் சம்பாதிக்கிறார். வரிசையில் நிற்கும் நேரத்துக்குக் காசு கிடையாது. பெங்களூர் நடை என்றால் நாலு காசு மிஞ்சும். துறைமுகத்துக்கும் பக்கத்துக் கிடங்குக்கும் இடையே அலைந்தால் நாள் முழுதும் போய்விடும், கையில் ஒன்றும் நிற்காது. யந்திரம் நெடுஞ்சாலையை எடுத்துக்கொண்டு இரு முனைகளிலும் உள்ள வரிசையை மட்டும் மனிதருக்கு விட்டுவிட்டால், வேலை இருக்கும், பிழைப்பு இருக்காது. "வேலை போகுமா?" என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு, வேலையில் எந்தப் பகுதி போகும் என்று கேட்க வேண்டும் என்பது அப்போதுதான் உறைத்தது.

இவ்வூருக்கு இது முதல் அனுபவமன்று. எங்கள் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம், மயிலாப்பூர் லஸ் பக்கம் டிராம் வண்டி ஓடியதை. சென்னையில் 1895-ஆம் ஆண்டு தொடங்கிய மின்சார டிராம், 1953-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நின்றுபோனது. பஸ்களின் போட்டியைத் தாங்க முடியாமல் நட்டத்தில் மூழ்கிய கம்பெனி கதவைச் சாத்தியது. டிராம் ஓட்டியவர்கள், டிக்கெட் கொடுத்தவர்கள், பணிமனையில் இருந்தவர்கள் அனைவருடைய வேலையும் அத்துடன் நின்றது.

இருபது ஆண்டுகள் கழித்து நடந்தது வேறு மாதிரி. மனிதனை மனிதன் உட்கார வைத்து இழுத்துச் செல்லும் கை ரிக்‌ஷாவைத் தமிழக அரசு 1973-ஆம் ஆண்டில் ஒழித்தது. அப்போது முதலமைச்சராக இருந்தவர் திரு. மு. கருணாநிதி. வெறுமனே தடை மட்டும் போட்டிருந்தால், கொடுமை ஒழிந்தது என்று மற்றவர்கள் மகிழ, இழுத்தவர்கள் பட்டினி கிடந்திருப்பார்கள். அரசு அவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷாக்களை இலவசமாகக் கொடுத்தது. சைக்கிள் ரிக்‌ஷா மிதிப்பதும் சுகமான வேலையன்று. பின்னால் ஆட்டோ வந்து அதையும் தள்ளிவிட்டது. இருந்தாலும், பழைய வண்டியைப் பறித்த கையே புதிய வண்டியைக் கொடுத்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். டிராம் நின்றபோது அப்படிக் கொடுக்க முன்வந்த கை எதையும் பற்றி நாங்கள் படிக்கவில்லை.

மூன்றாவது கதை துறைமுகத்தினுடையது. கப்பலிலிருந்து மூட்டை மூட்டையாக, பெட்டி பெட்டியாகச் சரக்கை இறக்கக் கும்பல் கும்பலாகத் தொழிலாளர் வேலை செய்த காலம் ஒன்று இருந்தது. 1983-ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் தொடங்கி வைக்கப்பட்டது. இருபதடி, நாற்பதடி இரும்புப் பெட்டிக்குள் சரக்கை அடைத்துப் பூட்டி, கிரேன் கொண்டு ஒரே தூக்காகத் தூக்கி லாரி மேல் வைத்துவிடலாம். மூட்டை சுமக்கும் தோள்களுக்கு வேலை குறைந்தது. எங்கள் தோழியின் தாத்தா அந்தத் தோள்களில் ஒருவராம். அவருடைய மகன் அதே பெட்டியை இழுக்கும் லாரிக்கு ஓட்டுநரானார். யந்திரம் ஒரு தலைமுறையின் வேலையை எடுத்து அடுத்த தலைமுறைக்கு வேறொரு வேலை தந்தது என்று பாடநூலில் எழுதுவது சுலபம். தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் இடையே அந்த வீட்டில் பல வருஷங்கள் கஷ்டம் இருந்தது என்று தோழி சொன்னாள். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அண்டை மாநிலத்திலிருந்து அண்மைக் காலத்துச் செய்தி ஒன்று. கேரளத்தில் விழிஞ்ஞம் துறைமுகம் 2025-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அத்துறைமுகத்தை எதிர்த்து, கடலரிப்பால் வீடும் தொழிலும் போகின்றன என்று, 2022-ஆம் ஆண்டில் நம் கத்தோலிக்க மீனவ மக்கள் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தின் தலைமையில் பல மாதங்கள் போராடியதைப் பலர் அறிந்திருப்பீர்கள். அங்கே பெட்டிகளை அடுக்கும் கிரேன்களில் ஆள் ஏறி உட்காருவதில்லை. தூரத்து அறையில் திரையைப் பார்த்தபடி இயக்குகிறார்கள். அந்த அறையில் பயிற்சி பெற்று அமர்ந்திருப்பவர்களில் உள்ளூர்ப் பெண்கள் உண்டு. மீனவக் குடும்பத்துப் பெண்களும் உண்டு. அந்த ஊர் முழுவதற்கும் இதனால் நியாயம் கிடைத்துவிட்டது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கிரேன் மேலே ஏறிப் பழகிய ஆண்களின் தொழில், அறைக்குள் வந்ததும் பெண்களுக்கும் எட்டியது என்பதை மட்டும் குறித்துக்கொண்டோம். தமிழ்நாட்டில் முதன்முதலாக ஒரு பெண், திருமதி வசந்தகுமாரி, அரசுப் பஸ்ஸின் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தது 1993-ஆம் ஆண்டில்தான். நாம் இருக்கையை அடையும் நேரம் பார்த்து இருக்கையே காணாமற் போவது எங்களுக்குச் சற்று வருத்தமாகவே இருக்கிறது.

யந்திரத்தையும் தொழிலாளியையும் பற்றித் திருச்சபை பேசத் தொடங்கி வெகு காலமாகிறது. பாப்பரசர் பதிமூன்றாம் சிங்கராயர் 1891-ஆம் ஆண்டில் தொழிலாளர் நிலைமை குறித்துச் சுற்றுமடல் எழுதினார். பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-ஆம் ஆண்டில் மே முதல் நாளைத் தொழிலாளரான அர்ச். சூசையப்பர் திருநாளாக ஏற்படுத்தினார். இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-ஆம் ஆண்டில் எழுதிய சுற்றுமடலில், யந்திரம் மனிதனுக்கு உதவியாளாக இருக்க வேண்டியது, அவனுடைய இடத்தைப் பிடிக்கும்போது ஏறக்குறைய எதிரியாகிவிடுகிறது என்ற கருத்தைக் கூறினார். அவரே 1986-ஆம் ஆண்டு பிப்ரவரியில் நம் சாந்தோம் ஆலயத்துக்கு வந்து செபித்தவர். 2025-ஆம் ஆண்டு மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட பாப்பரசர், பதினான்காம் சிங்கராயர் என்ற பெயரைத் தாம் ஏற்றதற்கு அந்த 1891-ஆம் ஆண்டு மடலையும், செயற்கை நுண்ணறிவால் தொழிலாளருக்கு வந்திருக்கும் புதிய சோதனையையும் காரணமாகக் கூறினார். தம் பெயரிலேயே இந்தக் கேள்வியைச் சுமக்கும் பாப்பரசர் ஒருவர் நமக்கு இருக்கிறார் என்பது எங்கள் தோழிக்கு ஏனோ மிகவும் பிடித்திருந்தது.

இனி, தேடியதில் எங்களை மிகவும் சிந்திக்க வைத்த விஷயத்துக்கு வருகிறோம். நாளைக்கு வரப்போகும் யந்திரத்தால் ஓட்டுநரின் வேலைக்குப் பாதுகாப்பு இல்லாமற் போகுமா என்று கேட்டுக்கொண்டே புறப்பட்டோம். இன்றைக்கு அந்தப் பாதுகாப்பு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்ற நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கங்களில் முன்பெல்லாம் ஒவ்வொரு லாரியிலும் ஓட்டுநரோடு ஒரு கிளீனர் இருப்பார். தார்ப்பாய் கட்டுவது, கயிறு இழுப்பது, பின்னால் பார்த்துக் குரல் கொடுப்பது, டயர் கழற்றுவது எல்லாம் அவர் வேலை. சில வருஷங்கள் கிளீனராக இருந்து, இரவு நேரத்தில் காலியான சாலையில் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பழகி, ஓட்டுநராவார்கள். எங்கள் தோழியின் தந்தையும் அப்படிக் கற்றவர்தான். இப்போது பெரும்பாலான வண்டிகளில் கிளீனர் இல்லை. கட்டுப்படியாகவில்லை என்கிறார்கள். இந்த வேலையை எந்த லிடாரும் எந்தக் கணிப்பொறியும் எடுக்கவில்லை. சத்தமில்லாமல் போய்விட்டது; கிளீனர் செய்த வேலை ஓட்டுநரின் தலையில் சேர்ந்தது; தொழில் கற்கும் வழியும் அடைபட்டது.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று 1961-ஆம் ஆண்டிலேயே ஒன்று வந்தது. நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று அது வரையறுத்தது. ஆனால் ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குத்தான் அது பொருந்தும் என்று வைத்தார்கள். ஒரு லாரி, இரண்டு லாரி வைத்திருப்பவர்கள் நிறைந்த தொழிலில் இதற்கு என்ன பயன்? பின்னர் 2020-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் அது அடக்கப்பட்டது. ஓட்டுநரின் கேபினில் குளிர்சாதனம் வேண்டும் என்ற விதி 2025-ஆம் ஆண்டில்தான் புதிதாகத் தயாராகும் கனரக லாரிகளுக்கு வந்தது. சித்திரை வெயிலில் எஞ்சினின் சூட்டோடு அத்தனை காலம் ஓட்டியிருக்கிறார்கள். விபத்து நேர்ந்து ஓட்டுநர் தப்பிச் சென்றால் பத்தாண்டு வரை சிறை என்ற புதிய சட்டப் பிரிவை எதிர்த்து 2024-ஆம் ஆண்டு சனவரித் தொடக்கத்தில் வட நாட்டில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்ததும், பெட்ரோல் பங்குகளில் கூட்டம் அலைமோதியதும், கலந்து பேசாமல் அப்பிரிவை நடைமுறைப்படுத்துவதில்லை என்று அரசு உறுதி கூறியதும் நினைவிருக்கலாம். அந்த இரண்டு நாட்களில்தான், ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பவர் யார் என்று நாடு திரும்பிப் பார்த்தது.

தோழியின் தந்தை 22 வருஷமாக லாரி ஓட்டுகிறார். நான்கு உரிமையாளர்களிடம் வேலை பார்த்திருக்கிறார். ஒருவரும் வேலை நியமனத் தாள் என்று ஒன்று கொடுத்ததில்லை. சேமநல நிதி கிடையாது. நடை இல்லாவிட்டால் வருமானம் கிடையாது. நாளைக்கு ஓட்டுநரில்லா லாரி வந்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு உதவி செய்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், தாம் பாதிக்கப்பட்ட ஓட்டுநர்தான் என்று காட்ட அவரிடம் உரிமத்தைத் தவிர ஒரு துண்டுக் காகிதம் இல்லை. 1973-இல் ரிக்‌ஷா இழுத்தவர், இதோ என் ரிக்‌ஷா என்று காட்டி மாற்று வண்டி வாங்கலாம். லாரி இவருடையது அல்லவே.

தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கென்று ஒரு நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்துகொண்டால் பிள்ளைகளின் படிப்புக்கு உதவித்தொகை, விபத்து நேர்ந்தால் நிவாரணம், அறுபது வயதுக்குப் பின் ஓய்வூதியம் என்று சில பயன்கள் உண்டு. இது இருப்பதே அவருக்குத் தெரியாது. எங்களுக்கும் இந்தக் கட்டுரைக்காகத் தேடும் வரை தெரியாது. தோழியர் வீட்டில் ஆட்டோ, டாக்சி, வேன், லாரி ஓட்டுபவர்கள் இருந்தால் பதிவு செய்திருக்கிறார்களா என்று இன்று மாலையே கேட்டுப் பாருங்கள்.

அரையாண்டு விடுமுறையில் எங்கள் தோழி அப்பாவுக்காக மனுவை எழுதினாள். ஆதார் அட்டை, குடும்ப அட்டை, ஓட்டுநர் உரிமம், வங்கிப் புத்தகம், புகைப்படம் எல்லாம் வீட்டிலேயே இருந்தன. இவர் இந்த வேலைதான் செய்கிறார் என்ற சான்று ஒன்று மட்டும் வேண்டியிருந்தது. உரிமையாளரிடம் கேட்டபோது, கையெழுத்துப் போட்டால் பின்னால் ஏதாவது வம்பு வரும் என்று அவர் தட்டிக் கழித்துவிட்டார். இரண்டு வாரம் அலைந்த பிறகு, காசிமேட்டில் லாரி நிறுத்தும் இடத்தருகே இருக்கும் தொழிற்சங்க அலுவலகத்தில் ஒரு முதியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, உரிமத்தை இரண்டு தடவை புரட்டிப் பார்த்து, "இவ்வளவு நாள் எங்கப்பா இருந்தே?" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம். பொங்கல் கழிந்து பள்ளி திறந்த அன்று, மனுவைக் கொடுத்ததற்கான ரசீதைத் தோழி எங்களுக்குக் காட்டினாள். தந்தையின் பெயருக்கு நேரே, தொழில் என்ற இடத்தில், "லாரி ஓட்டுநர்" என்று அச்சாகியிருந்தது. அட்டை இன்னும் வரவில்லை.